மேலுதட்டில் பாகு

பாகு தட்டில் கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது.

கரண்டியால் தட்டிப் பார்த்தான். டங் என்றது.

இருபத்தெட்டு வருடம் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சிய கை. அடுப்பில் இனிப்பைக் கண்டால் அதற்கு வேறு பதம் தெரியாது. ஆனால் இது மிட்டாய்க்கு இல்லை. மனைவியின் மேலுதட்டு முடியை எடுக்க.

கட்டிலில் சாய்ந்திருந்த கோமு, இடக்கையால் தலையில் அடித்துக்கொண்டாள்.

வலக்கை மடியில் கிடந்தது. பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலப் பக்கம் முழுக்க மரத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், யார் பார்க்க வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். வாய் கோணிய வெட்கம் என்றுதான் நினைத்திருந்தான். இன்று காலை அவளே சர்க்கரை டப்பாவைக் காட்டி, எலுமிச்சம்பழத்தைக் காட்டி, உதட்டுக்கு மேல் விரலை இழுத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

“ஏட்டி, இத்தன வருசமா நான் வேலைக்குப் போனப்புறமா இதச் செஞ்ச?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் பாகு காய்ச்சினான். தன் வீட்டு அடுப்பில் காய்ந்த பாகு தெரியவில்லை. நல்ல ஆள்தான்.

மறுபடி வைத்தான். பொன்னிறம் வந்ததுமே இறக்கச் சொல்லிக் கட்டிலைத் தட்டினாள். ஆறவிட்டு விரலால் பிசைந்தான். இந்த முறை இழுத்த இழுப்புக்கு வந்தது.

முதலில் இடப் பக்கம்.

தடவினான். சுண்டி இழுத்தான்.

துள்ளிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

பாவி, இப்படியா இழுப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அடுத்து வலப் பக்கம்.

பயிற்சி கொடுக்க வரும் பெண் தினமும் ஊசி முனையால் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். கோமு தினமும் இல்லையென்று தலையாட்டுகிறாள். முதலில் உணர்ச்சி வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள் அந்தப் பெண்.

பாகைத் தடவினான்.

சற்று முன்னால் அவளுக்கு வலித்ததே என்று பதறியவன், இப்போது வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். கழுகுமலை முருகா, கொஞ்சமாவது வலிக்கட்டும்.

இழுத்தான்.

முடி மொத்தமும் பாகோடு வந்தது. தோல் சிவந்தது.

அவள் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, இனிமேல்தான் இழுக்கப்போகிறான் என்று முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

பாகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நேரமாகிறதே என்று அவள் கண்ணைத் திறந்தாள். அவன் கையைப் பார்த்தாள். அதிலிருந்த முடியைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

வலித்தவள் போல முகத்தைச் சுளித்து, “ஆ…” என்றாள்.