சிவப்பு மூடி

ஓடக் கூடாதவன் ஓடியிருந்தான். ஓட வேண்டியவன் விட்ட இடத்திலேயே கிடந்தான். அவள் இருவரையும் விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

கையில் இருந்தவை உள்ளங்கை அகலத்தில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். உள்ளே தளதளவென்று கூழ். கூழுக்குள் நேற்று மாலை அவள் ஊசியால் குத்திவிட்ட பாக்டீரியா.

கறுப்பு மையில் எழுதிய மூடிக்குக் கீழே சாதாரணமானவை. வாலைச் சுழற்றி நீந்தி, வட்டமாகப் பரவியிருக்க வேண்டும். சிவப்பு மையில் எழுதிய மூடிக்குக் கீழே இருப்பவையோ, வால் முளைக்கச் சொல்லும் மரபணுவை அவள் வெட்டி எடுத்தவை. வாலில்லாதது எங்கே போகும்? புள்ளியாக அங்கேயே கிடக்க வேண்டும்.

நடந்திருந்தது தலைகீழ். பாவம், இரண்டு வருஷத்து உழைப்பு.

பக்கத்துத் தட்டுகளின் மூடிகளெல்லாம் வேர்த்து, முத்து முத்தாக நீர் கோத்திருந்தன. இவளுடைய இரண்டு மட்டும் பளிச்சென்று தெளிந்திருந்தன. தோற்றது மட்டும் நன்றாகத் தெரிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன வாலு, ஆட்டம் நின்னுச்சா?" பேராசிரியர் எட்டிப் பார்த்தார். வால் ஆராய்ச்சி செய்பவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பேர்.

"படம் எடுக்கப் போறேன் சார்."

"பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பு. இந்தத் தடவையும் சொதப்பினா, வேலையை வேற ஆள்கிட்ட குடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லைம்மா."

மணி பதினொன்றே முக்கால். உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

எழுதுவதைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். நேற்றைய அவசரத்தில் அவள் மூடியில் எழுதியிருந்தாள். மூடி இடம் மாற வால் வேண்டாம், கை போதும்.

மாற்றிப் போட்டாள். படம் எடுத்தாள். அனுப்பினாள்.

"பிரமாதம். கட்டுரையை எழுத ஆரம்பி" என்று உடனே பதில் வந்தது.

எங்கே எழுதுவது? நாற்காலி முள்ளாய்க் குத்தியது. சோற்று டப்பாவைத் திறந்தாள், மூடினாள். தரை துடைக்கும் அக்கா அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் இவளையே பார்ப்பது போலிருந்தது. இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மேல் முடியவில்லை. சொல்லிவிடுவோம், போ என்றால் போய்விடுவோம் என்று பேராசிரியர் அறை வாசலுக்கு வந்தாள். கதவைத் தட்ட ஓங்கிய கையை, ஈரக் கை ஒன்று பிடித்தது.

"சார்கிட்ட சொல்லத்தானே போற?" என்றாள் அக்கா.

"எதைக்கா?"

"நீ மூடியை மாத்தினப்போ நான் அங்கதான் இருந்தேன் கண்ணு."

"நானே சொல்லிடறேன்க்கா. தப்புதான்."

"உனக்கென்ன தப்பு? மூடி ரெண்டும் வேர்த்திருக்கேன்னு காலையில தொடைச்சுட்டு, சிவப்பு மூடியைத் தட்டு மாத்திப் போட்டது நான்தான்."