மாம்பழக் கலர் நூல்

எழுபதாயிரம் மைல் ஓடிய பழைய பிளஷர் கார் அது. ஆமத்தூர் கண்ணுச்சாமி வருடத்துக்கு ஒருமுறை என்னிடம் கியர் ஆயில் மாற்றக் கொண்டுவருவார். ஆயில் ஒழுகாமலிருக்க, கியர் பெட்டியின் அடி மூடியில் நூல் சுற்றித்தான் முடுக்குவேன். அந்த நூலை அவர் மனைவி சண்முகத்தாய் தன் சேலைத் தலைப்பிலிருந்து உருவித் தருவார். அந்த அம்மாள் தவறிய பிறகு, போன வருடம், நானே வெள்ளை நூல் சுற்றினேன்.

இன்று மூடியைக் கழற்றியதும் கறுத்த ஆயில் வடிந்தது. மூடியில் மாம்பழக் கலர் நூல் இருந்தது.

"வேற யாரும் கை வச்சாகளா அண்ணாச்சி?"

"உங்களத் தவிர யாரு பாய் தொடுவா?" அவர் நூலை மெல்ல வருடினார். "இது அவளோட சேத்து எரிச்சமே, அந்தச் சேலை நூலு!"

நான் புது நூலை எடுத்தேன்.

"அது வேண்டாம் பாய். இதையே சுத்துங்க. அவ நூலு ஒழுகாது."