இறுகிய தரையின் குரல்

ஒரு கோல்ஃப் பைக்குள் பந்தை உயரத் தூக்கி அடிக்கும் இரண்டு வெட்ஜ் மட்டைகள் இருந்தன. அடிப்பாகம் தடித்தவன் மணலில் விழுந்த பந்தை அடிக்க. அடி மெலிந்தவனை யாரும் எடுப்பதில்லை. அவன் ஏங்கிக் கிடந்தான்.

கோடையில் புல்தரை கல்லாக இறுகியது.

“அண்ணே, உன் தடிச்ச அடி இந்தத் தரையில பட்டா எகிறிடுவே. இனிமே என் காலம்தான்!”

“போயேன்டா, யாரு தடுத்தா?”

ஆட்டக்காரரின் கை மெலிந்தவனையே எடுத்தது. அவன் தரையை உரசிய வேகத்தில் பந்து எழும்பிப் போய்க் குழியருகே நின்றது.

அப்போது தரை கிசுகிசுத்தது: “ஒவ்வொரு உரசலுக்கும் உன்னைக் கொஞ்சம் தேய்ச்சு எடுத்துக்குவேன். உனக்கு முன்னால வந்தவன் முழுசா எங்கிட்டதான் இருக்கான்.”

பைக்குள் திரும்பியவன் தடித்தவனை ஒட்டிக்கொண்டான். “அண்ணே, அடுத்த தடவை நீ போயேன்.”

“ஏன்டா, நல்லாத்தானே ஆடினே?”

கை மறுபடியும் உள்ளே வந்தது. தடித்தவனை ஒதுக்கிவிட்டு, மெலிந்தவனின் கழுத்தைப் பிடித்தது.