இருட்டினால் வெளியே வரும்

"என் சமையல்கட்டுல கரப்பான் பூச்சி! இத்தனை வருஷமா இல்லாதது, நீ மாடிக்குக் குடிவந்த பிறகு எப்படி தம்பி வந்துச்சு?"

வீட்டுக்காரம்மா இடுப்பில் கைவைத்து, அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பூச்சி மருந்து அடிப்பவர், முதுகில் டப்பாவும் கையில் டார்ச்சுமாக.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, அவன் செருப்புத் தேய அலைந்து பிடித்த அறை. ஒரே ஒரு நிபந்தனைதான்: அறைக்குள் சாப்பாடு கூடாது. மீறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"சாக்கடையிலேர்ந்து ஏறி வந்திருக்கும்க்கா," என்றான்.

"அதை இவர் சொல்லட்டும்."

மருந்துக்காரர் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, வைரம் பார்ப்பவர் மாதிரி வெளிச்சத்தில் திருப்பினார்.

"பெருசா, செவப்பா, கட்டைவிரல் நீளம் இருந்தா சாக்கடைக் கேஸு. பைப் வழியா வரும். தம்பி மேல தப்பில்ல."

'பெருசா இருடா ராசா, பெருசா இரு!' என்று அவன் கரப்பானை மனதுக்குள் கெஞ்சினான்.

"கறுப்பா, மந்தமா ஊர்ந்தா பாத்ரூம் பார்ட்டி. ஈரம்தான் அதுக்கு உசுரு. ஆனா இது சின்னது. கழுத்துல ரெண்டு கறுப்புக் கோடு பாத்தீங்களாம்மா? சரியான சாப்பாட்டு ராமன். தீனி இருக்கிற எடத்துலதான் குடும்பம் நடத்தும்."

"கேட்டியா? தீனி!"

"சத்தியமா நான் இங்க ஒரு பருக்கைகூட சாப்பிட்டதில்லக்கா!"

அவன் சொன்னது முழு உண்மை.

"அப்ப பேய் வந்து சாப்பிடுதா? எங்க வீட்டைப் பாரு. டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து எண்ணெய்ச் சட்டியே அடுப்புல ஏறல. எங்க வீட்டு மனுஷன் அவிச்ச காயைத் தின்னுட்டு, மூச்சுக் காட்டாம இப்பக்கூட நடக்கப் போயிருக்காரு. இந்த வயசுல உனக்கு வாயைக் கட்ட முடியல!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சுவரில் பதித்த துணி அலமாரியின் கீழே மருந்துக்காரர் விரலை ஒற்றி எடுத்தார். மோந்து பார்த்தார். "சிப்ஸ் தூள். இப்ப விழுந்தது."

"நாளைக்கே காலி பண்ணு!"

"இருங்கம்மா, கூடு எங்கன்னு தெரியணும்ல? பகல்ல இடுக்குல பதுங்கிக் கெடக்கும். ஆள் போயாச்சுன்னு நெனச்சா, இருட்டுல தானா வெளிய வரும். லைட்டை அணைச்சுப் பாத்துடுவோம்."

"வேணாம்ணே! எனக்கு... எனக்கு இருட்டுன்னா பயம்!"

"ஏழு கழுதை வயசாச்சு, இருட்டுன்னா பயமாம்," என்று வீட்டுக்காரம்மா திரைச்சீலையைச் சரேலென்று இழுத்துவிட்டார். கதவைப் படாரென்று சாத்தி, விளக்கை அணைத்தார்.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அலமாரிப் பக்கம் சரசரவென்று ஒரு சத்தம். மருந்துக்காரர் டார்ச்சின் பொத்தானில் விரலை வைத்தார்.

அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது.

"போயிட்டாளா தம்பி? உள்ள கதவு சாத்துன சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பயத்துல பாதிப் பொட்டலத்தைக் கொட்டிட்டேன்ப்பா. நாளைக்கு நடக்க வர்றப்போ பெரிய பொட்டலமா வாங்கியாந்துடறேன்."

டார்ச் எரிந்தது. நடைப்பயிற்சிக் காலணியும் மீசையெல்லாம் சிப்ஸ் தூளுமாக, வீட்டுக்காரம்மாவின் கணவர்!

மருந்துக்காரர் ஓசைப்படாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே நழுவினார்.

"இந்த வகைக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா."