வாய்மொழித் தேர்வு

என் தங்கை மகன் வெள்ளைத்துரை மாஸ்கோவில் ஆறு வருடம் ரஷ்ய மொழியில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, எண்பத்திரண்டில் ஒத்தக்கடைக்குத் திரும்பினான். உடனே பெண் பார்த்தோம்.

பெண்ணின் அப்பா முத்துக்கருப்பன், மாடு வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர். நிச்சயதார்த்தத்தன்று, அழகர்கோவிலில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ரஷ்யாக்காரரைச் சைகையாலேயே அழைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"மாப்ள, இவருகூட ரஷ்யன்ல நாலு வார்த்தை பேசுங்க. அப்புறம் தட்டு மாத்துவோம்."

வெள்ளைத்துரை மெல்ல என் பின்னால் நகர்ந்தான்.

"மாஸ்கோவுக்குத்தான் போனாரா, இல்ல மானாமதுரைக்கா?" என்றார் முத்துக்கருப்பன். நான் எங்கள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ரஷ்யாக்காரர் அவனை உற்றுப் பார்த்தார்.

"என்னடா வெள்ளைத்துரை, இம்புட்டு இளைச்சுட்ட?" என்றார், சுத்தமான ஒத்தக்கடைத் தமிழில்.

முத்துக்கருப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, தமிழ் எங்க படிச்சீக?"

"இவன்கிட்டத்தான். நான் மாஸ்கோவுல இவனோட வாத்தியாரு. இவன் ஊரைப் பார்க்கத்தான் வந்தேன். எங்க ஊர்ல பரீட்சையை வாயாலதான் கேப்போம். ரெண்டு வருஷம் ரஷ்யன்ல கேட்டுப் பார்த்தேன், முழிச்சுக்கிட்டே நின்னான். அப்புறம் நானே தமிழ் படிச்சுக் கேட்டேன். டாண் டாண்ணு பதில் சொல்லிட்டான்."

முத்துக்கருப்பன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"வாத்தியாரையே படிக்க வச்சிருக்காரு! இன்னும் என்ன வேணும்? தட்டை மாத்துங்கப்பா."