சத்தமில்லாத ரம்பம்

"சத்தமே வராத ரம்பம் இருக்கா?"

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எதை அறுக்கணும்மா?"

அவள் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "சர்க்யூட் போர்டு. வீட்டுல செய்யறது."

"அதுக்கு ஆக்ஸா பிளேடே போதுமே?"

"அது கீச்சுகீச்சுன்னு ஊரையே கூட்டுது. என் வீட்டுக்காரர் முழிச்சிட்டா நான் தொலைஞ்சேன்."

ரேடியோ மெக்கானிக் என்றால் அவள் கணவர்தான் என்று பேரெடுத்த மனிதர். இப்போது கை நடுங்கி, ரம்பம் போர்டின் செம்புக் கோட்டின் மேலேயே ஏறிவிடுகிறது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் அவள் வேறொரு போர்டை நேராக அறுத்து, அவர் கெடுத்ததன் இடத்தில் வைத்துவிடுவாள். எழுந்ததும், "பாத்தியா, நூல் பிடிச்ச மாதிரி!" என்று அவர் மீசையை முறுக்குவார். எட்டு மாதமாக ஒரு சந்தேகமும் இல்லை. இப்போதுதான் தூக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிறார்.

கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பொடிப் பல், சின்னப் பிடி. கொப்புளம் விழுந்த அவள் உள்ளங்கையில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"எவ்வளவு?"

"காலையிலேயே உங்க வீட்டுக்காரர் குடுத்துட்டாரும்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சத்தம் கம்மியானதா எடுத்து வைங்க, அந்தச் சத்தத்துல தூங்குற மாதிரி நடிக்க முடியலைன்னாரு."