உப்பில்லாத போர்டு

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கைக்குட்டை நனையவேயில்லை என்பதை இன்ஸ்பெக்டர் கவனித்தார்.

அவள் கணவன் காணாமல் போய் இரண்டு நாள். பாடிபோர்டில் குப்புறப் படுத்து அலைமேல் சறுக்குவது அவனுக்குத் தினசரிப் பழக்கம். அன்று காலை கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பாறை நிழலில் கிடந்த போர்டை மட்டும் யாரோ வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாளை மறுநாள், ஒரு கொலை வழக்கில் கட்டட கான்ட்ராக்டருக்கு எதிராக அவன் சாட்சி சொல்ல வேண்டும். இன்னொரு சாட்சி, போலீஸ் பாதுகாப்பில் இருக்கும்போதே லாரி மோதிச் செத்துப்போனார். மிச்சம் இவன் ஒருவன்தான்.

இன்ஸ்பெக்டர் கையோடு ஒரு போர்டு ரிப்பேர்காரரை அழைத்து வந்திருந்தார். அவர் மேசைமேல் கிடந்த போர்டைப் புரட்டினார். போர்டைக் கையோடு பிணைக்கும் கயிறு கோத்த துளைக்குள் சுண்டுவிரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பே இல்ல சார். ஒரு பொடி மணல்கூட இல்ல. நல்ல தண்ணில அலசி, நிழல்ல காய வெச்சிருக்கு."

"யாரும்மா கழுவினது?"

"நான்தான் சார்."

"புருஷன் என்ன ஆனான்னே தெரியல. நீ உக்காந்து போர்டு கழுவிட்டிருந்தியா?"

"மனசு கேக்கல. அவரு பொருளாச்சே."

"எப்படிக் கழுவினே?"

கொஞ்சம் தயங்கினாள். "கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வெச்சு, சோப்புத்தூள் போட்டுத் தேச்சேன். அப்புறம் மொட்டை மாடி வெயில்ல காயப் போட்டேன்."

ரிப்பேர்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ தங்கச்சி! அப்படிச் செஞ்சிருந்தா அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் கொப்பளிச்சுக் கையோட வந்திருக்கும். உங்க வீட்டுக்காரரு இதை யாரையும் தொடவே விடமாட்டாரே! நான் தொட்டாலே, கையைக் கழுவிட்டு வாங்கம்பாரு."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "இது பழகின கை சார். கயித்தைக்கூட முறுக்கு எடுத்துச் சுத்தியிருக்கு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டார்.

"கான்ட்ராக்டர் ஆளுங்க இங்க வந்தாங்களா?"

"வரல சார்."

"பொய். உன் புருஷன் ஒருத்தன் வாயை மூடிட்டா கேஸே காலி. ரத்தக்கறையைக் கழுவிட்டு எவனோ போர்டைப் போட்டுட்டுப் போயிருக்கான். நீ எதுக்கு அதை உன் தலைல இழுத்துப் போட்டுக்கறே?"

அவள் மறுபடி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினாள்.

"கழுவினவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இல்லேன்னா, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள்னு உன்னைத்தான் உள்ள தள்ளுவேன்."

போர்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். ஜீப் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்வரை ஜன்னலோரம் நின்றாள். பிறகு கதவைத் தாழிட்டு, ஏணியைச் சத்தமில்லாமல் நகர்த்தி, ஏறி, பரணின் கதவைத் திறந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, சாகப் போறவரு போர்டைக் கழுவி வெச்சுட்டா போவாரு?"